தைராய்டு ஸ்கேன்: கட்டி உள்ளவருக்கு அவசியம், ஆலை முகாமில் அனைவருக்கும் வேண்டாம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதியில் பணியாற்றும் மருத்துவர்கள், ஆலைச் செவிலியர்கள், தொழிலாளர் பிரதிநிதிகள் சேர்ந்த அமைப்பு எங்களுடையது. ஆண்டு உடல் பரிசோதனையில் அனைவருக்கும் தைராய்டு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கலாமா, படத்தைக் கணினியே தரம் பிரிக்கட்டுமா என்ற கேள்விக்கு எங்கள் நிலைப்பாடு இது: கழுத்தில் கட்டி தட்டுப்படுபவருக்கு ஸ்கேன் கட்டாயம் வேண்டும், அங்கே கணினிக் கருவியின் துணையை வரவேற்கிறோம். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை வரிசையில் நிறுத்தி ஸ்கேன் எடுப்பதை எதிர்க்கிறோம்.

தைராய்டு கட்டி பெண்களுக்கு அதிகம் வரும். தேடினால் பலருக்கும் இருக்கும், பெரும்பாலானவை தீங்கற்றவை. தென்கொரியாவில் 1999-க்குப் பிறகு புற்றுநோய்ப் பரிசோதனையோடு தைராய்டு ஸ்கேனும் பரவியது. 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-ஐப் போல் 15 மடங்கானது. அந்நோயால் இறப்போர் விகிதமோ மாறவே இல்லை. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான தங்கும் விடுதி 2024-இல் திறக்கப்பட்டது. அங்கே ஒரு ஸ்கேன் முகாம் போட்டால் எத்தனை பேர் பயத்தோடு அறைக்குத் திரும்புவார்கள்!

அந்தப் பயம் பலரை அறுவை சிகிச்சைவரை இழுத்துச் செல்லும். சுரப்பியை முழுதாக எடுத்தால் ஆயுள் முழுக்கத் தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை போட வேண்டும். வாரத்துக்கொரு ஷிப்ட் மாறுபவருக்கு இது எளிதல்ல. சிலருக்குக் குரல் கம்மும், கால்சியம் குறையும்.

தேவையானவருக்கு எடுக்கும் ஸ்கேனை அளந்து படிக்க வழி உண்டு. அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி 2017-இல் வெளியிட்ட டைராட்ஸ் முறை, கட்டியின் தன்மைக்கு மதிப்பெண் தருகிறது. திடமான கட்டிக்கு 2, சுற்றியுள்ள சுரப்பியைவிடக் கருமையாகத் தெரிந்தால் 2; மொத்தம் 4 என்றால் நான்காம் வகை. 1.5 செ.மீ. இருந்தால்தான் கட்டியிலிருந்து செல் எடுத்துப் பார்க்கும் ஊசி பரிசோதனை. 1.2 செ.மீ. என்றால் மறு ஸ்கேன் போதும். அதே கட்டி அகலத்தைவிட உயரமாக இருந்தால் இன்னும் 3 சேர்ந்து ஐந்தாம் வகையாகும், 1 செ.மீ.யிலேயே ஊசி வேண்டும்.

கணினிக் கருவி இந்த அடையாளங்களைத்தான் படத்தில் தேடி வகையைச் சொல்கிறது. ஆய்வுகளில் அது புற்றுக்கட்டியை அனுபவமிக்க மருத்துவருக்கு ஏறக்குறைய இணையாகக் கண்டுபிடித்திருக்கிறது. சாதாரணக் கட்டியையும் சந்தேகத்துக்குரியதென்று அவரைவிட அதிகமாகச் சொல்லியும் இருக்கிறது. கொடுத்த படத்தைத்தான் அது பார்க்கும். கழுத்து நெறிகட்டிகளைத் தேடிப் பார்ப்பதும் நோயாளியை விசாரிப்பதும் மருத்துவர் வேலை.

எனவே எங்கள் கோரிக்கைகள்:

1. பொதுவான உடல் பரிசோதனைப் பட்டியலில் தைராய்டு ஸ்கேன் சேர்க்க வேண்டாம். செவிலியர் கழுத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். கட்டி, குரல் மாற்றம், விழுங்குவதில் சிரமம் இருந்தால் இஎஸ்ஐ அல்லது அரசு மருத்துவமனைக்கு அனுப்பட்டும்.

2. கழுத்துக்கு மட்டும் என்றாலும் ஸ்கேன் கருவி, கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆலை வாசலில் கையடக்கக் கருவியோடு வருபவரை அனுமதிக்கக் கூடாது.

3. ஒவ்வொரு அறிக்கையிலும் அளவும் டைராட்ஸ் வகையும் எழுதி, மருத்துவர் கையெழுத்திட வேண்டும். கணினி சொன்னது மட்டும் முடிவாகாது.

4. கணினிக் கருவி வாங்கும் மருத்துவமனை, முதலில் நம் ஊர் நோயாளிகளின் ஊசி பரிசோதனை முடிவுகளோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

5. முடிவு தொழிலாளிக்கு மட்டுமே. மனிதவளப் பிரிவுக்கோ காண்டிராக்டருக்கோ போகக் கூடாது. கட்டியைக் காரணம் காட்டி வேலையை மறுக்கக் கூடாது.

தொழிலாளத் தோழர்களே, கழுத்தில் கட்டி தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். கையில் அறிக்கை இருந்தால், "எந்த வகை, எத்தனை செ.மீ., இப்போது ஊசி தேவையா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். பதில் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.