பெற்றவள் பேர் எந்த ஏட்டில்?

1792இல் பாராமகால் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தது. ரீடும் மன்றோவும் நம்ம தருமபுரிச் சீமையை வயல் வயலாக அளந்து வரி எழுதினார்கள். அத்தனை கணக்கு எழுதிய கம்பெனி, தன் வெள்ளைச் சோல்ஜருக்குப் பிள்ளை பெற்றவளை எப்படி எழுதியது? மதராஸ் ஞானஸ்நான ஏட்டில் தகப்பன் பேர் இருக்கும், பட்டாளம் இருக்கும். தாய் பேருக்குப் பதில் பல இடத்தில் 'நேட்டிவ் உமன்'. சில இடத்தில் அதுவும் இல்லை. பேர் இல்லாத வவுச்சரை நான் பாஸ் பண்ணமாட்டேன். பாதிரி பண்ணியிருக்கிறான். 1789இல் எழும்பூரில் அநாதை விடுதி வேறு திறந்தார்கள். தாய் இருந்தும் பிள்ளை அநாதை!

அந்த ஏடுகளின் பிரதி இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கொள்ளுப்பேரன்கள் தேடுகிறார்கள், தேடட்டும். ஆனால் சில வீடுகளில் பாட்டி ராஜகுமாரி என்றொரு கதை. ஏன்யா, குதிரைக்குப் புல்லுக்கட்டு சுமந்தவளா இருந்தா ரத்தம் கசந்துடுமா?

நம்ம ஊரில் கதை தலைகீழ். பண்ணைக்காரன் கொடுத்த பிள்ளைக்குத் தாய் யாரென்று ஊருக்கே தெரியும், சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். தகப்பன் பேர்தான் எந்த ஏட்டிலும் ஏறாது. அங்கே அவளை மறைத்தான், இங்கே தன்னை மறைத்தான். இரண்டு இடத்திலும் பேனா அவளிடம் இல்லை.

ராஜகுமாரியைத் தேடுகிறவரே, அரண்மனை பார்த்தது போதும். எங்க சேரிக்கும் ஒருதரம் வாங்க.