வாடகைக்கு வரும் ரதி

ஒக்டோபர் கடைசியில் நம்ம ஃபோன் முழுக்க பேய் வேஷம்தான். அட்டைப்பெட்டியை வெட்டி ரோபோ, பழைய போர்வையில் சூனியக்காரி என்று வீட்டிலேயே ஹலோவீன் உடுப்பு செய்யும் வெளிநாட்டு வீடியோக்களை நாங்களும் விரும்பித்தான் பார்க்கிறோம். "இதெல்லாம் நமக்கு எங்க இருக்கு?" என்று எங்கள் வட்டத்திலேயே சிலர் கேட்பார்கள். இருக்கு. பதுளைப் பக்கத் தோட்டங்களில் அது மாசியில் வரும். பெயர் காமன் கூத்து.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் நடக்கும். சிவனின் தவம் கலையும், நெற்றிக்கண் திறக்கும், மன்மதன் எரிவான், ரதி புலம்புவாள். கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழகத்திலிருந்து வந்த நம்ம பாட்டன் பூட்டன்கள் கூடவே கொண்டு வந்த கூத்து இது. தஞ்சாவூர்ப் பக்கம் இதே கதையை எடுத்து, 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்று பிரிந்து லாவணி பாடி வாதாடுவார்கள். இங்கே தப்பு முழங்க ஆட்டமாக நிற்கிறது.

கதை எல்லாருக்கும் தெரியும். நாங்கள் பேச வந்தது உடுப்பைப் பற்றி.

கிரீடத்துக்குத் தடித்த அட்டை வேணும். மாவுப்பசையில் பேப்பரை நனைத்து அதன்மேல் அடுக்கடுக்காக ஒட்ட வேணும். நம்ம குளிருக்குப் பசை லேசில் காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டால்தான் உண்டு. காய்ந்த பிறகு வெள்ளித்தாள், கண்ணாடித் துண்டு, மணி. சிவனின் சடைக்குத் தும்பு. மன்மதன் கையில் கரும்பு வில், ரதி கையில் கிளி. கிளியைச் செய்வதற்கென்றே லயத்தில் ஒருத்தர் இருப்பார், அவர் வேற எதையும் தொடமாட்டார். போன வருஷக் கிரீடம் நசுங்கியிருந்தால் அதன்மேலேயே இன்னும் ரெண்டு அடுக்கு ஏறும். அப்படியே கிரீடம் வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டு போகும். ஆடுகிற அண்ணன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு திட்டுவார். ஆனா மாத்தச் சொல்லமாட்டார்.

இப்போது டவுனிலிருந்து ரெடிமேட் செட் வாடகைக்கு வருகிறது. ஜிகினா, வெல்வெட், ஸ்பொஞ்ச் வைத்த தோள்பட்டை. வீடியோவில் பளபளன்னு இருக்கும். மறுநாள் காலையில் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வாடகைக்கு எடுக்கிறவர்களைக் குறை சொல்வது லேசு. அவர்கள் பக்க நியாயமும் இருக்கு. பெடியன்மார் பாதிப்பேர் கொழும்பில் கடையிலும் ஹொட்டேலிலும் நிற்கிறார்கள். கூத்துக்கு ரெண்டு நாள் லீவு கிடைப்பதே பெரிசு, பசை காயும்வரை எவன் காத்திருப்பான்? ஆனா காசு மிச்சம் என்று சொல்வதை மட்டும் நாங்கள் ஏற்கமாட்டோம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாயானதே 2021இல்தான், 2024இல் அது 1350 ஆனது. அந்தச் சம்பளத்திலிருந்து லயம் லயமாக வசூலித்த காசு வாடகையாகப் போய்விட்டால் அடுத்த வருஷத்துக்கு நம்ம கையில் ஒரு மணிகூட மிஞ்சாது.

காசைவிடப் பெரிய நட்டம் ஒன்று இருக்கு. காப்புக் கட்டி விரதம் இருந்து ரதியும் மன்மதனும் ஆடுவது ரெண்டு பேர். மற்ற வேஷங்களையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சப் பேர். உடுப்பு கட்டும் வேலையில்தான் ஆடத் தெரியாதவன், கூச்சப்படுகிறவன், கால் ஏலாத தாத்தா, பள்ளிக்கூடம் விட்டு வந்து பசை கிண்டுகிற சின்னது எல்லாருக்கும் கூத்தில் இடம் கிடைத்தது. செட் வந்து இறங்கினால் இவர்கள் வெறும் பார்வையாளர்கள்.

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். ரதி வேஷம் காலகாலமாக ஆண்களுக்குத்தான். ஆனா அந்த ரதியின் சேலைக்கு மடிப்பு வைத்து, சட்டைக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தது அக்காமார். இன்று தோட்டத்திலிருந்து கார்மெண்ட் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு எங்கள் எல்லாரையும்விடத் தையல் தெரியும். வாடகை செட் வந்தபோது முதலில் வேலை இல்லாமல் போனது அவர்களுக்குத்தான். ரதியை யார் ஆடுவது என்ற பேச்சையும் நாங்கள் தள்ளிப்போட விரும்பவில்லை. அந்தப் பேச்சு நடக்கும்போது தைக்கிறவர்களும் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஹலோவீன் உடுப்புகள் 1930களிலேயே ஃபெக்டரியில் செய்து கடைக்கு வந்துவிட்டன. அப்படியும் இன்றுவரை பிள்ளைகளோடு உட்கார்ந்து அட்டை வெட்டுகிற வீடுகள் அங்கே இருக்கு. கடையில் கிடைக்கும் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். நம்மாலும் ஏலும்.

முழு செட்டையும் ஒரே வருஷத்தில் செய்யச் சொல்லவில்லை. வாற மாசிக்கு ஒரு கிரீடம் போதும், மிச்சத்தை வாடகைக்கே எடுங்கள். தை பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டி, தெரிந்த பெரியவர் ஒருத்தரை நடுவில் உட்காரவையுங்கள். அட்டையை எந்த அளவில் வெட்டுகிறார், எங்கே மடிக்கிறார் என்று ஃபோனில் எடுங்கள், ஒரு கொப்பியிலும் வரைந்து வையுங்கள். கிளி செய்கிற அந்த ஒருத்தர் பக்கத்தில் கட்டாயம் ரெண்டு சின்னதுகளை உட்காரவையுங்கள். அவருக்கும் வயசாகுது.