'மஸ்ட்' என்றால் 'வேண்டும்' மட்டும்தானா?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி காய்ச்சலில் படுத்திருக்கிறாள். தலைமை ஆசிரியருக்கு விடுப்புக் கடிதம் கொடுத்தனுப்ப வேண்டும். தமிழில் எழுதுவதென்றால் அவளுக்குத் தடுமாற்றமே இல்லை. 'இரண்டு நாள் விடுப்பு அளிக்க வேண்டுமாய்ப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவாள். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும் வகுப்பில் மனப்பாடம் செய்த பட்டியல் நினைவுக்கு வருகிறது: கேன் என்றால் முடியும், மே என்றால் லாம், மஸ்ட் என்றால் வேண்டும். 'யூ மஸ்ட் கிவ் மீ லீவ் ஃபார் டூ டேஸ்' என்று எழுதி முடிக்கிறாள். பணிந்து கேட்க நினைத்த பிள்ளை தலைமை ஆசிரியருக்கு உத்தரவு போட்டுவிட்டாள்.

அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூடக் கிடையாது. சங்கடமே அதில்தான் இருக்கிறது. சிவப்பு மையால் சுழிக்க எதுவும் இல்லாததால், எங்கே தவறினோம் என்பது அவளுக்குத் தெரியாமலே போகும். படிப்பவர் மட்டும் முகம் சுளிப்பார். பள்ளி முடிந்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், மேலதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பும்போதும் இதே சிக்கல் அவள் கூடவே வரும்.

குறை பிள்ளையிடம் இல்லை, பட்டியலில் இருக்கிறது. ஆங்கிலத் துணைவினைகள் தனியாக நின்று பொருள் தருபவை அல்ல. முன்னால் நிற்கும் ஆள் யார், பின்னால் வரும் சிறு சொல் எது என்பதைப் பொறுத்து அவற்றின் தொனியும் பொருளும் மாறும். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று கட்டம் போட்டுக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, தமிழ்ப் பிள்ளைக்கு ஏற்கெனவே கைவந்த தமிழ் இலக்கணத்தின் வழியாகவே இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

நீச்சலை எடுத்துக்கொள்வோம். 'எனக்கு நீந்தத் தெரியும்' என்பது கற்ற வித்தை. 'என்னால் நீந்த முடியும்' என்பது உடம்பில் உள்ள தெம்பு. 'நான் நீந்தலாம்' என்றால் கிணற்றுக்காரர் சரி என்று தலையாட்டிவிட்டார். கையில் கட்டுப் போட்டிருக்கும் ஒருவர், 'எனக்கு நீந்தத் தெரியும், இப்போது என்னால் முடியாது' என்பார். கேட்பவர் யாருக்கும் அதில் குழப்பம் வராது. ஆங்கிலமோ இந்த மூன்றையும் 'ஐ கேன் ஸ்விம்' என்ற ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடும்.

தமிழில் இந்த வேறுபாட்டை வினைச்சொல் மட்டும் காட்டவில்லை. எனக்கு, என்னால், நான் என்று பேசுகிறவரும் உருமாறுகிறார். 'கு' உருபு, 'ஆல்' உருபு, உருபே ஏற்காத எழுவாய். ஆங்கிலத்தில் டு, பை, வித் போன்ற சிறு சொற்கள் பெயருக்கு முன்னால் நின்று செய்கிற வேலையைத் தமிழில் இந்த உருபுகள் பின்னால் ஒட்டிக்கொண்டு செய்கின்றன. ஆனால் கேனுக்கு முன்னால் வருவது எப்போதும் 'ஐ' மட்டுமே. வித்தையா, தெம்பா, அனுமதியா என்பதைச் சூழலிலிருந்துதான் பிரித்தெடுக்க வேண்டும். இந்த ஒரு செய்தியை வகுப்பில் சொல்லிவிட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

அந்தச் சொற்களின் பூர்வீகத்தைப் பார்த்தால் தமிழுக்கு இன்னும் நெருக்கம் தெரிகிறது. கேன் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் அறிதல் என்று பொருள். ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் 'நீந்தத் தெரியும்' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். தெம்பும் அனுமதியும் பிறகு வந்து சேர்ந்தன. மே என்பதன் வேர் வலிமை. மைட் என்ற பெயர்ச்சொல்லுக்கு இன்றும் அதே பொருள். ஷல் என்பது கடன்பட்டிருத்தல். வில் என்பது விரும்புதல். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று ஆசையையும் 'நான் போக வேண்டும்' என்று கடமையையும் ஒரே சொல்லால் சொல்கிற தமிழருக்கு, ஆசையைச் சொன்ன சொல் வேறு வேலைக்கும் வருவது புதிதல்ல.

'ஹீ கோஸ்' என்று எஸ் சேர்க்கக் கற்ற பிள்ளை 'ஹீ கேன்ஸ்' என்று எழுதினால் அடி விழுகிறது. ஏன் எஸ் வராது என்பதற்கு ஒரு விடை இருக்கிறது. கேன், மே, ஷல் மூன்றும் ஆதியில் இறந்தகால வடிவங்கள்; பொருள் மட்டும் நிகழ்காலத்துக்கு நகர்ந்துவிட்டது. 'ஹீ வென்ட்' என்பதில் எஸ் வராதது போலவே இவற்றிலும் வருவதில்லை. தமிழிலும் நான் போக வேண்டும், அவள் போக வேண்டும், மாடு போக வேண்டும் என எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம்தான். வேண்டும், தகும், படும் ஆகியவை இருதிணை ஐம்பால் மூவிடத்துக்கும் பொது என்று ஆறுமுக நாவலரின் 'இலக்கணச் சுருக்கம்' சொல்லிவைத்திருக்கிறது. தமிழ் வகுப்பில் படித்ததை ஆங்கில வகுப்பில் ஒரு நிமிடம் நினைவூட்டினால் போதும், அடிக்கு அவசியமே இல்லை.

மறுபடியும் அந்தக் கடிதத்துக்கு வருவோம். 'யூ மஸ்ட்' எப்போதுமே மரியாதைக் குறைவா என்றால் இல்லை. 'கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு அவசியம் வர வேண்டும்' என்று தாம்பூலத் தட்டை நீட்டுவது போல, 'யூ மஸ்ட் கம் டு டின்னர்' என்பதும் அன்பான அழைப்புதான். வருவதால் நன்மை கேட்பவருக்கு; ஆகவே அங்கே வற்புறுத்தல் உபசாரமாகிவிடுகிறது. விடுப்புக் கடிதத்தில் நன்மை எழுதுகிறவருக்கு. அதே வற்புறுத்தல் அங்கே அதட்டலாக ஒலிக்கிறது. 'யூ' என்று ஒருவரை நேராகச் சுட்டி மஸ்ட் சொல்லும்போது, நன்மை யாருக்கு என்று முதலில் பார்க்க வேண்டும். எந்தப் பட்டியலிலும் இதற்குக் கட்டம் கிடையாது.

சிறு சொற்களின் கதையும் இப்படித்தான். அறிவிப்புப் பலகைகளில் இரண்டு வாக்கியங்களை அடிக்கடி பார்க்கிறோம். 'மாலை 5 மணி வரை விண்ணப்பிக்கலாம்.' 'மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.' இத்தகைய அறிவிப்புகளில் லாம் வந்தால் 'வரை', வேண்டும் வந்தால் 'க்குள்'. ஆங்கில அறிவிப்புகளிலும் இதே ஜோடி இருக்கிறது: கேன் வந்தால் 'அன்டில்', மஸ்ட் வந்தால் 'பை'. அனுமதி நீண்டுகொண்டே போவது, கெடு ஒரு புள்ளியில் முடிவது. இதைக் காட்டாமல் பை, அன்டில் இரண்டையும் பிரெபொசிஷன் பாடத்திலும், கேன், மஸ்ட் இரண்டையும் வேறொரு பாடத்திலும் பிரித்து வைப்பதால்தான் 'மஸ்ட் சப்மிட் அன்டில் ஃபைவ்' என்று பட்டதாரிகளும் எழுதுகிறார்கள்.

தமிழ்நாட்டு ஆங்கிலத்தில் 'கேன் ஏபிள் டு' என்ற தொடர் நேர்முகத் தேர்வுகளில் சாதாரணமாகக் காதில் விழும். கேன் என்றாலும் முடியும், ஏபிள் டு என்றாலும் முடியும். இரண்டையும் சேர்த்தால் 'முடியும் முடியும்' என்றாகிறது. 'மஸ்ட் டு கோ' என்பது 'ஹேவ் டு கோ'வைப் பார்த்து வந்த பிழை. ஹேவ், ஆட் ஆகியவற்றுக்கு டு வேண்டும். கேன், மஸ்ட், ஷல் ஆகியவற்றுக்குக் கூடாது.

ஆளைப் பொறுத்துப் பொருள் மாறுவதற்குப் பழைய சான்று ஒன்று ஷல். முடிவிலியைக் குறிக்க இன்று கணிதத்தில் வழங்கும் குறியை அறிமுகப்படுத்திய ஜான் வாலிஸ், 1653-இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கண நூலில் ஒரு விதி சொன்னார். தன்மையில் ஷல் வந்தால் அது வெறும் எதிர்காலம், வில் வந்தால் உறுதிமொழி. முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாகும்: வில் எதிர்காலம், ஷல் உறுதிமொழி. அன்றாடப் பேச்சில் இந்த விதி இன்று பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. சட்டத்தில் மட்டும் படர்க்கை ஷல் கட்டளையாக நிலைத்திருக்கிறது.

அதன் கனம் என்ன என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். அரசியலமைப்பின் 200-ஆவது பிரிவில், மசோதாவைத் திருப்பி அனுப்பும் இடத்தில் ஆளுநருக்கு 'மே' இருக்கிறது. சட்டமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால், ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்ற பொருளில் 'ஷல் நாட்' இருக்கிறது. தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8-இல் தீர்ப்பளித்தபோதும், ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதே ஆண்டு நவம்பரில் கருத்துச் சொன்னபோதும், வாதம் இந்தப் பிரிவின் சொற்களைச் சுற்றியே நடந்தது. மே என்றால் லாம் என்று எழுதிப்போட்டுக் கடந்துபோகிற வகுப்பறை, பிள்ளைகளை இந்த வாதத்தைப் புரிந்துகொள்ளத் தகுதியில்லாதவர்களாக வெளியே அனுப்புகிறது.

ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்க வேண்டும், தமிழைக் குறுக்கே கொண்டுவரக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் விடுப்புக் கடிதம் எழுதிய அந்த மாணவியின் மனதில் தமிழ் எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை விரட்ட முடியாது என்றான பிறகு, ஒழுங்காகப் பயன்படுத்துவதே நியாயம். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் தேர்வுக்குத் தயார்செய்யும் ஆசிரியருக்கு நேரம் குறைவு என்பதும் உண்மை. அதற்காகப் பெரிய மாற்றம் எதுவும் தேவையில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சைக்கிள் கேட்கும்போது எப்படிக் கேட்பாய் என்று அந்த மாணவியிடம் கேட்டால் போதும். 'அக்கா, சைக்கிளைக் கொஞ்சம் தர முடியுமா?' என்பாள். அந்த 'தர முடியுமா'தான் ஆங்கிலத்தில் 'குட் யூ'. கடிதத்தின் முதல் வரியை அங்கிருந்து அவளே எழுதிவிடுவாள்.