இறால் தீவனத்துக்கு நுண்பாசி எண்ணெய்: சென்னை மேற்குப் புறநகர் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, கொரட்டூர், திருவேற்காடு பகுதிகளில் வாழும் சகோதர சகோதரிகளே,

நாங்கள் உங்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். வாரம் தவறாமல் மீன் வாங்கிச் சமைப்பவர்கள். எங்களில் சிலர் வண்ணமீன் வளர்க்கிறோம், சிலர் மீன்வளம் படித்திருக்கிறோம், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தும் வெல்டிங்கும் பார்க்கிறவர்களும் உண்டு. வளர்ப்பு இறாலுக்கும் மீனுக்கும் போடும் தீவனத்தைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று இதை எழுதுகிறோம்.

நம் பக்கத்துக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை விற்கும் ஏரி வவ்வால், ஜிலேபி, கட்லா, ரோகு, வனமெய் இறால் எல்லாம் பெரும்பாலும் குளத்திலும் பண்ணையிலும் வளர்ந்தவைதான். கட்லாவும் ரோகுவும் தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் தின்றே கொழுத்துவிடும். அவற்றால் கடலுக்குப் பாரமில்லை. இறாலும் கொடுவாவும் அப்படியல்ல. இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்புகள் அவற்றுக்குத் தீவனத்தில் கிடைத்தாக வேண்டும். தேவையான அளவுக்கு அவற்றின் உடம்பே அதைச் செய்துகொள்ளாது. அது குறைந்தால் குஞ்சுகள் சாகும், வளர்ச்சி நிற்கும். அதனால்தான் தீவன ஆலைகள் மீன்தூளும் மீன் எண்ணெயும் சேர்க்கின்றன.

அந்த எண்ணெய்க்கு ஆகும் மீனின் கணக்கைப் பாருங்கள். சராசரியாக 20 கிலோ மீனை அரைத்துப் பிழிந்தால் ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கும். நம் கடற்கரையில் இழுவலையில் சிக்கும் பொடிமீனைச் சங்காயம் என்று தனியாக ஒதுக்குவார்கள். காரப்பொடியும் நெத்திலியும் நாளைக்குப் பெரிய மீனாக வேண்டிய குஞ்சுகளும் அதில் கலந்து கிடக்கும். அது காய்ந்து, மூட்டையாகி, மீன்தூள் ஆலைக்குப் போகிறது. கூலி வேலை பார்க்கும் வீட்டில் குழம்பாகியிருக்க வேண்டிய மீன், ஏற்றுமதி இறாலுக்கு இரையாகிறது. இதை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எண்ணெய்க்குப் பேர்போன மத்தியின் கதை இன்னும் வேதனை தருவது. 2012-ல் கேரளத்தில் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-ல் அது 3,297 டன்னாகச் சரிந்ததாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கணக்குச் சொன்னது. கடல் சூடாவதும் நீரோட்டங்கள் மாறுவதும் இதற்குப் பெரிய காரணம். தீவன ஆலைகள் மீது மட்டும் பழி போடுவது நியாயமாகாது. ஆனால் இப்படி ஏறி இறங்கும் ஒரு மீனை நம்பித் தொழிலை நடத்த முடியுமா என்று கேட்கலாம் அல்லவா? 2023-ல் பெரு நாட்டில் கடல் சூடேறி, நெத்திலி இனமான ஆன்சோவெட்டாவில் குஞ்சுகளே மிகுந்திருந்ததால் அந்த ஆண்டின் முதல் மீன்பிடிப் பருவத்தையே அரசு ரத்து செய்தது. அதனால் உலகச் சந்தையில் மீன் எண்ணெய் விலை எகிறியது.

மத்தி இந்த ஒமேகா-3-ஐத் தானாகப் பெரிதாக ஒன்றும் உண்டாக்குவதில்லை. கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் அதைச் செய்கின்றன. அவற்றை நுண்விலங்குகள் தின்ன, அவற்றை மத்தி தின்ன, கொழுப்பு மேலே மேலே சேர்கிறது. அப்படியானால் பாசியை நேரடியாக வளர்த்து எண்ணெய் எடுத்துத் தீவனத்தில் சேர்த்தால் நடுவில் மீனைக் கொல்ல வேண்டியதில்லை.

இது ஏட்டுச்சுரைக்காய் இல்லை. பால் பவுடர் டப்பாவில் டி.எச்.ஏ. என்று போட்டிருக்கிறதே, கைக்குழந்தைகளுக்கான அந்த உணவில் சேர்க்கும் எண்ணெய் பல காலமாக நுண்பாசியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. ஷைசோகைட்ரியம் என்று ஒரு கடல் நுண்ணுயிர் இருக்கிறது. பாசிக்கு உறவானது, வெயில்கூடத் தேவையில்லை. மூடிய தொட்டியில் இனிப்பை ஊட்டினால் தன் உடம்பில் டி.எச்.ஏ.வைத் தேக்கிக்கொள்ளும். பிரேசிலில் கரும்புச் சர்க்கரையைக் கொடுத்து இதை வளர்த்து மீன் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 2019-ல் ஒரு பெரிய ஆலை திறக்கப்பட்டது. நார்வே சால்மன் பண்ணைகளின் தீவனத்தில் 1990-ல் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கடல்மீன் சரக்காக இருந்தது, 2020-ல் அது இருபத்திரண்டு பங்காகக் குறைந்தது. அந்த மாற்றத்தில் சோயா முதலிய பயிர்களின் பங்கே பெரிது என்றாலும், பயிர் எண்ணெயில் இல்லாத டி.எச்.ஏ.வை ஈடுகட்ட இப்போது பாசி எண்ணெய் கைகொடுக்கிறது.

நமக்கும் பாசி புதிதல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து இறால் குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றில் பாசி அறையைப் பார்த்தால் தெரியும். குளிரூட்டிய அறை, டியூப் லைட் வெளிச்சத்தில் வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள், ஒவ்வொன்றிலும் மெல்லிய குழாய் வழியே காற்று குமிழியிட்டபடி இருக்கும். உள்ளே வெளிர்பழுப்பு நிறத்தில் கீட்டோசெராஸ் பாசி. இறால் குஞ்சுக்கு முதல் இரையே அதுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஓ.பி. அய்யங்கார் இந்தியப் பாசியியலுக்கே அடித்தளம் போட்டார். தரமணி முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி. சேஷாத்திரியின் குழு சுருள்பாசி வளர்ப்பைக் கிராமத்து வீடுகளுக்குக் கொண்டுபோனது. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் நாம் வாங்கும் தீவனப் பொட்டலத்திலும் ஸ்பைருலினா என்ற பெயரில் அது இருக்கும். ஆனால் சுருள்பாசியில் புரதமும் நிறமும் உண்டே தவிர டி.எச்.ஏ. இல்லை. மீன்தூளில் ஒரு பங்குக்கு அது மாற்றாகலாம், மீன் எண்ணெய்க்கு ஆகாது. விற்கிறவர் சுருள்பாசியையும் பாசி எண்ணெயையும் ஒன்றாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளில் கோடையில் மிதக்கும் பச்சைப் படலத்தை அள்ளி மீனுக்குப் போடலாமா என்று சிலர் எங்களிடம் கேட்டார்கள். தயவுசெய்து வேண்டாம். சாக்கடை கலந்த நீரில் பெருகும் அந்த நீலப்பச்சைப் பாசிகளில் சில நஞ்சை உண்டாக்கும். நாங்கள் சொல்வது சுத்தமான தொட்டியில், தேர்ந்தெடுத்த இனத்தை வளர்ப்பது பற்றி.

அப்படிப்பட்ட தொட்டியைச் செய்யும் கை நம்மிடம் இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டிலும் திருமழிசையிலும் துருப்பிடிக்காத எஃகில் தொட்டியும் குழாயும் செய்யத் தெரிந்த பட்டறைகள் எத்தனையோ! ஷைசோகைட்ரியத்துக்கு ஊட்டும் இனிப்புக்கு வெகுதூரம் போக வேண்டாம், நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. ஆலையில் மிஞ்சும் கரும்புப்பாகான மொலாசஸை அப்படியே ஊற்றிவிட முடியாது. அதிலுள்ள சர்க்கரையை உடைத்து, கசடு நீக்கித்தான் தர வேண்டும். அதற்கு ஆய்வு தேவை. 1987-ல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. இவர்களும் பட்டறைக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

விலை விஷயத்தில் பூசி மெழுக விரும்பவில்லை. பாசி எண்ணெய் இன்றைக்கும் பொதுவாக மீன் எண்ணெயைவிடக் கூடுதல் விலைதான். இறால் பண்ணைக்காரருக்குத் தீவனச் செலவே மொத்தச் செலவில் பாதிக்கு மேல் போகிறது. பழவேற்காட்டுப் பக்கம் கடன் வாங்கிக் குட்டை போட்டிருப்பவர் தலையில் இந்தச் செலவையும் ஏற்றச் சொல்ல மாட்டோம். தாய் இறாலுக்கும் குஞ்சுக்கும் வண்ணமீனுக்கும் கொஞ்சம் போதும், அங்கிருந்து தொடங்கலாம். கொடுவா போன்ற மீனுக்கு அறுவடைக்கு முந்தைய சில வாரங்களில் மட்டும் பாசி எண்ணெய்த் தீவனம் கொடுத்துப் பார்க்கலாம்.

உங்களிடம் நாங்கள் கேட்பது பெரிய காரியம் அல்ல. இறாலோ கொடுவாவோ வாங்கும்போது, "இதுக்கு என்ன தீவனம் போட்டாங்க, அண்ணா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாமல் போகலாம். பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியைக் கேட்பார். கூடை சுமந்து வரும் அம்மாவை இதற்காகத் துளைத்தெடுக்க வேண்டாம், பெரிய கடைகளிலும் செயலி வழி விற்பவர்களிடமும் கேளுங்கள். வண்ணமீன் வளர்ப்பவர்கள் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். புரதம், கொழுப்பு, நார், ஈரம் எத்தனை சதவீதம் என்றிருக்கும். அந்தக் கொழுப்பு எந்த மீனிலிருந்து, எந்தக் கடலிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் இருக்காது.

அந்த விவரத்தை அச்சிட வேண்டும் என்று மாநில மீன்வளத் துறைக்கும் சென்னையிலுள்ள கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்கும் மனு எழுதுகிறோம். தீவன மூட்டையில் எண்ணெயின் மூலத்தைக் குறிப்பிடுவது, நம் மாவட்டத்தில் பாசி எண்ணெய்த் தீவனத்தை ஒரு பருவம் சோதித்துப் பார்ப்பது என்ற இரண்டு கோரிக்கைகள் அதில் உள்ளன. குடியிருப்போர் நலச் சங்கங்கள், பட்டறை உரிமையாளர்கள், கல்லூரி மாணவர்கள் தங்கள் பெயரில் தனித்தனியாகவும் எழுதி அனுப்புங்கள். தமிழில், ஒரு பக்கத்தில், சொந்தக் கையெழுத்தில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
மேற்குப் புறநகர் மீன் நுகர்வோரும் வண்ணமீன் வளர்ப்போரும்