ஆக்சிஜன் சிலிண்டருக்கு எண்ணெய் வேண்டாம்!

கேள்வி: இறால் குஞ்சுகளைப் பையில் அடைக்க ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருக்கிறோம். உப்புக்காற்றில் வால்வு இறுகிவிடுகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா? கடையில் ‘டெஃப்லான் கிரீஸ்’ தருகிறார்கள். அதைப் பம்புசெட்டுக்கும் போடலாமா?
- ஆரம்பாக்கம் வாசகர்

பதில்: பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊர்களில் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்வி இது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் வால்வில் தேங்காய் எண்ணெய், என்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் எதுவும் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது.

நிரம்பிய சிலிண்டருக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் இருக்கும். வால்வைச் சட்டென்று திறந்தால் ரெகுலேட்டருக்குள் வாயு நெருக்கப்பட்டு, கடுமையாகச் சூடேறும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். தூய ஆக்சிஜனில் உலோகமும் எரியும்.

இதற்காகவே ஃபுளோரின் கலந்த செயற்கை கிரீஸ்கள் இருக்கின்றன. கார்பனும் ஃபுளோரினும் மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் இவை எளிதில் எரியாது, தண்ணீரிலும் கரையாது. 1938-இல் ராய் பிளங்கெட் என்ற அமெரிக்க வேதியியலாளர் தற்செயலாகக் கண்டறிந்த டெஃப்லானும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஆனால் ‘டெஃப்லான்’ என்று எழுதியதெல்லாம் ஆக்சிஜனுக்கு ஏற்றதல்ல. பல டப்பாக்களில் சாதாரண எண்ணெயில் டெஃப்லான் தூளைக் கலந்திருப்பார்கள். அந்த எண்ணெய் எரியும். ஆக்சிஜனுக்கு உகந்தது என்று தெளிவாகக் குறிப்பிட்ட கிரீஸையும் பயிற்சி பெற்றவர்தான் போட வேண்டும். ஆகவே, வால்வு இறுகினால் தட்டாமல், நெம்பாமல், சிலிண்டர் தந்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் இடையே டேப் சுற்றவும் வேண்டாம்.

பம்புசெட்டுக்கும் படகு என்ஜினுக்கும் இந்த விலை உயர்ந்த கிரீஸ் தேவையில்லை. தயாரிப்பாளர் சொன்ன, தண்ணீர் தாங்கும் சாதாரண கிரீஸே போதும். பழைய கிரீஸின் மேல் ஃபுளோரின் கிரீஸைப் பூசினால் இரண்டும் ஒட்டாது, பேரிங்தான் தேயும்.

கையாளும்போது கவனிக்க வேண்டியவை:

1. சிலிண்டரைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கைகழுவி, நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கறை படிந்த துணி, கையுறை கூடாது.

2. வால்வை மெல்லத் திறங்கள். முகத்தை நேரே காட்டாமல் ஒதுங்கி நில்லுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது.

3. ஃபுளோரின் கிரீஸ் பட்ட கையோடு பீடி பிடிக்காதீர்கள். ஏறக்குறைய 250 டிகிரிக்கு மேல் சூடேறினால் இது சிதைந்து நச்சுப்புகை விடத் தொடங்கும். பீடி நெருப்பு அதைவிட மிக அதிகச் சூடு. சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல், இருமல், நெஞ்சு இறுக்கம் வரலாம். வந்தால் மருத்துவரிடம் கிரீஸ் விவரத்தையும் சொல்லுங்கள்.

4. காலி டப்பாவையும் துடைத்த துணியையும் எரிக்காதீர்கள். அந்தப் புகையில் கோழிகள் நம்மைவிட விரைவில் சாகும். ஏரியிலும் கால்வாயிலும் எறியாதீர்கள். இந்தப் பொருள்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் மட்காது. மூடி வைத்திருந்து, விற்ற கடையிலோ கழிவு சேகரிப்பவரிடமோ ஒப்படையுங்கள்.

இதுவரை உங்கள் வால்வில் எண்ணெய் விட்டிருந்தால், அந்தச் சிலிண்டரை இனித் திறக்க வேண்டாம். மண்ணெண்ணெய் விட்டுத் துடைக்கவும் வேண்டாம். எண்ணெய் பட்டது என்று எழுதிய அட்டையைக் கட்டி, தந்தவரிடம் சொல்லி அனுப்புங்கள். அதை அடுத்து வாங்குபவரின் உயிரும் அந்த அட்டையில்தான் இருக்கிறது.