ரிவால்வருக்கு முலாம்: எத்தனை நாள் மினுக்கு?

பெங்களூர் கோடை அரண்மனையை 1791-ல் கட்டி முடித்த திப்பு சுல்தான், துப்பாக்கியிலும் அழகு பார்த்தவர். அவரது கம்மியர்கள் இரும்பைக் கீறி, தங்கத்தையும் வெள்ளியையும் அடித்துப் பதித்தார்கள். அவர் 1799-ல் மடிந்தார். அவருடைய துப்பாக்கி ஒன்று 2015-ல் லண்டன் ஏலத்தில் 7 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது.

இன்றைய ரிவால்வர்களின் மினுக்குக்கு அத்தனை ஆயுள் கிடையாது. மின்முலாம் பூசிய தங்கம் மெல்லிய படலம்தான். துடைத்துத் துடைத்தே தேய்ந்துவிடும். நிக்கல் கெட்டியானது. ஆனால் அதற்கடியில் தாமிரப் பூச்சு இருந்தால், அம்மோனியா கலந்த திரவம் கீறல் வழியே இறங்கி அதை அரிக்கும், நிக்கல் உரிந்துவிடும். தோல் உறையிலேயே கிடந்தால் ஈரம் கோத்துத் துருவேறும். லேசாக எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வைப்பதே உத்தமம்.