எழுத்துத் தெரிந்தால் போதுமா?

வீட்டிலே அமர்ந்து, கைப்பேசித் திரையில் எழுத்துக்களைப் படித்தால் போதுமாம். கண் சோதனை முடிந்ததாம்! முழங்குகிறது விளம்பரம்.

திரை சொல்வது என்ன? எழுத்துத் தெரிகிறதா, இல்லையா என்பதை! கண்ணின் அழுத்தத்தை அளந்ததா? விழித்திரையைப் பார்த்ததா? இல்லை! கண் அழுத்த நோய் ஓசையின்றி நுழையும் கள்வன். பக்கப் பார்வையைப் பறித்த பின்னரும் எதிரேயுள்ள எழுத்துத் தெளிவாகவே தெரியும். நீரிழிவு விழித்திரையைத் தாக்கும்போதும் தொடக்கத்தில் வலியில்லை, மங்கலில்லை.

விஞ்ஞானம் வேண்டாம் என்கிறோமா? இல்லை, தம்பி! 1976-ல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இன்று சிற்றூர்களில் பார்வை மையங்கள் நடத்துகிறது. பயிற்சி பெற்ற சகோதரிகள் கருவிகொண்டு சோதிக்கிறார்கள். தொலைவிலுள்ள மருத்துவர் இணையவழியே நோயாளியுடன் பேசி முடிவு சொல்கிறார். அங்கே இணையம் மருத்துவரை ஏழையிடம் கொண்டுவருகிறது. விளம்பரத் திரையோ மருத்துவரையே மறக்கச் சொல்கிறது!

வீட்டுச் சோதனை எச்சரிக்கை மணியாகலாம், தீர்ப்பாகாது. திரையை நம்பி, நாற்பதைக் கடந்தவரும் நீரிழிவுக்காரரும் திண்ணையிலேயே தங்கிவிட்டால், கண் அழுத்தம் பறித்த பார்வையை யார் மீட்டுத் தருவது? ஊருக்கு அருகே பார்வை மையம் அமைப்பது அரசின் கடமை! ஆண்டுக்கொரு முறை அங்கே செல்வது நம் கடமை!